சான்று யார் பெயரில் வர வேண்டும்? சிறு இயற்கைப் பண்ணை நடத்தும் பெண்களுக்கு நான்கு வழிகள்

இயற்கை முறையில் விளைந்த காய்கறியை விற்க வரும் பெண்ணிடம் வாங்குபவர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "மருந்து அடிக்கவில்லை என்று எதை வைத்து நம்புவது?" இதற்குப் பதில் சொல்ல நான்கு வழிகள் இருக்கின்றன. தனி ஆளாகச் சான்று நிறுவனத்திடம் விண்ணப்பித்துச் சான்று வாங்கலாம். பலர் குழுவாகச் சேர்ந்து ஒரே சான்று வாங்கலாம். விவசாயிகளும் வாங்குபவர்களும் சேர்ந்து ஒருவர் நிலத்தை மற்றவர் சோதித்து உறுதி தரும் பங்கேற்பு உத்தரவாத முறையில், அதாவது பிஜிஎஸ்ஸில் சேரலாம். சான்றே இல்லாமல், தெரிந்த குடும்பங்களுக்கு நேரடியாக விற்கலாம்.

இவற்றில் எதுவும் மட்டமான வழி அல்ல. பிரேசில் நாட்டின் 2003-ஆம் ஆண்டு இயற்கை வேளாண்மைச் சட்டமும் 2007-இல் வந்த அதன் விதிகளும் வெளி ஆய்வாளர் தரும் சான்றையும் பங்கேற்பு உத்தரவாதத்தையும் சமமாக ஏற்கின்றன. பதிவு செய்துகொண்ட சிறு குடும்ப விவசாயிகள் சான்றில்லாமல் நேரடியாக விற்கவும் அங்கே இடமுண்டு. ஒரு நாட்டின் சட்டமே பல கதவுகளைத் திறந்து வைத்திருக்கிறது என்றால், எந்தக் கதவு யாருக்குப் பொருந்தும் என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

பொதுவாக இந்த வழிகளைக் கட்டணத்தை வைத்து ஒப்பிடுவார்கள். பெண்களுக்கு அந்த ஒப்பீடு போதாது. உலகில் விவசாய நிலம் வைத்திருப்பவர்களில் பெண்கள் 15 சதவீதத்துக்கும் குறைவு என்று ஐ.நா. உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு 2018-இல் கூறியது. நிலம் கணவர் பெயரிலோ, அப்பா பெயரிலோ, அண்ணன் பெயரிலோ இருக்கும். உழைப்பது ஒருவர், கையெழுத்துப் போடுவது இன்னொருவர், பணம் போய்ச் சேருவது மூன்றாமவர் கணக்குக்கு என்று ஆகிவிட்டால், கட்டணம் எவ்வளவு குறைவாக இருந்தும் பயனில்லை. ஆகவே ஒவ்வொரு வழியையும் மூன்று கேள்விகளால் அளக்க வேண்டும். விளைச்சல் யாருக்குப் போகிறது? காகிதம் யார் பெயரில் வருகிறது? யாருடைய நேரம் செலவாகிறது?

எந்த வழியானாலும் வயலில் மாறாதவை

நான்கு வழிகளுக்கும் வயல் வேலை ஒன்றுதான். சான்றுக்கு முன் மாற்றுக்காலம், அதாவது ரசாயனத்திலிருந்து இயற்கை முறைக்கு நிலம் மாறக் காத்திருக்கும் காலம், முடிய வேண்டும். அமெரிக்க விதிப்படி அறுவடைக்கு முன் 36 மாதங்கள் அந்த நிலத்தில் தடை செய்யப்பட்ட எதையும் போட்டிருக்கக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஓராண்டுப் பயிர்களுக்கு விதைப்புக்கு முன் 2 ஆண்டுகள், பல்லாண்டுப் பயிர்களுக்கு முதல் அறுவடைக்கு முன் 3 ஆண்டுகள்.

விதி மீறல் என்றால் யாரோ திருட்டுத்தனமாக மருந்து அடித்ததாக நினைக்கிறோம். நடைமுறையில் சிறு பண்ணைகள் அதிகம் மாட்டுவது கடன் வாங்கிய பொருளில்தான். முதுகில் மாட்டும் ஸ்ப்ரேயரை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து நிலத்துக்காரர் அதில் 2,4-டி களைக்கொல்லி அடித்திருப்பார். தண்ணீர் விட்டு ஒரு முறை அலசி, வேப்பங்கரைசல் ஊற்றித் தக்காளிக்கு அடிக்கிறோம். ஒரு வாரம் பத்து நாளில் புதுத் தளிர்கள் முறுக்கிக்கொண்டு, இலைகள் அகலமில்லாமல் நார்போல நீண்டு வரும். பலர் இதை வைரஸ் நோய் என்று நினைத்துச் செடியைப் பிடுங்கிவிடுகிறார்கள். ரப்பர் குழாயிலும் வாஷரிலும் தங்கிய மருந்து மூன்று முறை அலசினாலும் முழுதாகப் போவதில்லை. தக்காளிக்கு மிகச் சிறிய அளவே போதும். ஆய்வாளர் மாதிரி எடுத்தால் பரிசோதனையிலும் அது தெரியலாம். குழுவாக இருந்தாலும் தனியாளாக இருந்தாலும் ஸ்ப்ரேயர் மட்டும் சொந்தமாக இருக்க வேண்டும். அதில் அடையாளம் எழுதி, பூட்டிய இடத்தில் வைக்க வேண்டும்.

அடுத்த ஆபத்து வெளியிலிருந்து வரும் தொழு உரம். அமினோபைராலிட், க்ளோபைராலிட் போன்ற களைக்கொல்லிகள் அடித்த புல்லையோ வைக்கோலையோ தின்ற மாட்டின் சாணத்திலும் அந்த மருந்து இருக்கும். மட்க வைத்தாலும் எளிதில் சிதையாது. இதைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. உரமும் சுத்தமான மண்ணும் சம அளவு கலந்து மூன்று தொட்டிகளில் நிரப்புங்கள். வெறும் மண் மட்டும் இன்னும் மூன்று தொட்டிகளில். ஆறிலும் பீன்ஸ் விதை போட்டு, ஒன்றின் வடிநீர் மற்றொன்றுக்குப் போகாமல் தள்ளி வையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் உரத் தொட்டியில் மட்டும் இலைகள் குவிந்து சுருண்டால் அந்த வண்டி உரத்தை வயலில் இறக்கவே கூடாது. இறக்கிவிட்டால் அந்தப் பாத்தியில் அவரை, தக்காளி இனங்கள் பல மாதங்களுக்கு உருப்படாது.

உரத்தின் வயதும் முக்கியம். அமெரிக்க விதி பச்சைச் சாணத்துக்குத் தெளிவாகக் கணக்கு வைத்திருக்கிறது: உண்ணும் பகுதி மண்ணில் படும் பயிருக்கு அறுவடைக்கு 120 நாள் முன்பே மண்ணோடு கலந்துவிட வேண்டும், மண்ணில் படாத பயிருக்கு 90 நாள். மட்கு உரமாகக் கருத வேண்டுமானால் நீளக் குவியலில் 55 முதல் 77 டிகிரி செல்சியஸ் வெப்பம் 15 நாட்கள் இருக்க வேண்டும், அதற்குள் குறைந்தது 5 முறை புரட்ட வேண்டும். பச்சையாக உண்ணும் கீரைகளை விற்பவர்கள், தங்கள் நாட்டில் இப்படி ஒரு விதி இல்லாவிட்டாலும் இதைக் கடைப்பிடிப்பது நல்லது. சாணத்திலிருந்து வரும் கிருமிக்குச் சான்றிதழ் பதில் சொல்லாது.

விதையைச் சொல்லிவிட்டு மேலே போகலாம். இளஞ்சிவப்பு, பச்சை, நீலம் என்று சாயம் ஏறிய விதை, பூஞ்சணக்கொல்லி பூசியது என்று எடுத்துக்கொள்ளுங்கள். இயற்கை முறை விதை கிடைக்கவில்லை என்றால் மருந்து பூசாத விதை வாங்கலாம். ஆனால் தேடியும் கிடைக்கவில்லை என்பதற்கு எழுத்தில் ஆதாரம் வேண்டும். விதைப் பாக்கெட்டின் உறையைக் கிழித்து எறியாமல் குறிப்பேட்டில் ஒட்டி வையுங்கள்.

முதல் வழி: தனிச் சான்று

படிகள் எல்லா நாடுகளிலும் ஏறக்குறைய ஒன்றே. நிலத்தின் வரைபடம், ஒவ்வொரு துண்டின் பரப்பு, மூன்றாண்டுப் பயிர் வரலாறு, பயன்படுத்தப்போகும் எல்லா இடுபொருளின் பட்டியல், விதை வாங்கும் இடம், பாசன நீர் வரும் வழி, அண்டை நிலத்திலிருந்து மருந்து வராமல் தடுக்கும் ஏற்பாடு ஆகியவை அடங்கிய பண்ணைத் திட்டத்தோடு விண்ணப்பிக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை ஆய்வாளர் வருவார். சான்றும் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும்.

ஆய்வாளர் வயலைவிடக் காகிதத்தில் அதிக நேரம் செலவிடுவார். அவர் போடும் முக்கியமான கணக்கு விளைச்சலும் விற்பனையும் ஒத்துப்போகிறதா என்பது. 1,000 சதுர மீட்டரில் தக்காளி, சதுர மீட்டருக்கு 3 கிலோ என்று திட்டத்தில் எழுதியிருந்தால் மொத்தம் 3,000 கிலோ. விற்பனை ரசீதுகளைக் கூட்டினால் 4,200 கிலோ வருகிறது என்றால் மீதி 1,200 கிலோ எங்கிருந்து வந்தது என்று கேட்பார். உண்மையிலேயே நல்ல மகசூலாக இருக்கலாம். ஆனால் அறுவடை அன்றன்று எழுதப்படவில்லை என்றால் அதை நிரூபிக்க வழியில்லை. அறுவடைப் பக்கத்தில் ஐந்தே பத்திகள் போதும்: தேதி, துண்டு எண், பயிர், எடை, யாருக்குப் போனது. வீட்டுக்கு எடுத்ததையும் எழுத வேண்டும், அழுகிக் கழிந்ததையும் எழுத வேண்டும்.

பெண்கள் பலருக்குத் தெரியாத ஒன்று இங்கே இருக்கிறது. பெரும்பாலான விதிகளில் சான்று நில உரிமையாளருக்கு வழங்கப்படுவதில்லை, பண்ணையை நடத்துபவருக்கு வழங்கப்படுகிறது. நிலத்தைப் பயன்படுத்தும் உரிமைக்கு ஆதாரம் காட்டினால் போதும். கணவர் நிலமோ அப்பா நிலமோ, முறையான குத்தகைக் கடிதம் எழுதி வாங்கினால் சான்று உங்கள் பெயரில் வரும். அந்தக் கடிதத்தில் துண்டு எண்ணும் பரப்பும், குத்தகைக் காலமும், உரிமையாளர் அந்த நிலத்தில் எதையும் தெளிக்கவோ போடவோ மாட்டார் என்ற உறுதியும், ஆய்வாளர் வர அனுமதியும், நிற்கும் பயிர் குத்தகைதாரருக்கே சொந்தம் என்ற வரியும் இருக்க வேண்டும். காலம்தான் இதில் உயிர்நாடி. மாற்றுக்காலமே இரண்டு மூன்று ஆண்டுகள் என்னும்போது ஓராண்டுக் குத்தகையால் என்ன லாபம்? மண்ணைச் சீர்செய்து, சான்று கைக்கு வரும் ஆண்டில் நிலம் திரும்பிப் போய்விடும். மாற்றுக்காலத்துக்கு மேல் குறைந்தது மூன்று ஆண்டுகள் கேளுங்கள். குடும்பத்துக்குள் எழுத்து எதற்கு என்று கூச்சப்பட வேண்டாம். பங்குப் பிரிவினை வரும்போது முதலில் கைமாறுவது இப்படி வாய்வார்த்தையில் நின்ற நிலம்தான்.

குடும்ப நிலத்தில் ஒரு பகுதி மட்டும் இயற்கை முறைக்கு வரும்போது வேறொரு சிக்கல் எழும். மறுபாதியில் வீட்டார் ரசாயனம் போட்டு அதே ரகத்தைப் பயிரிட்டால், இரண்டும் கலக்கவில்லை என்று காட்டுவது கடினம். ஐரோப்பிய விதி, கண்ணால் பிரித்தறியக்கூடிய வேறு ரகமாக இருக்க வேண்டும் என்கிறது. மூட்டை, கொட்டகை, தராசு, வண்டி எல்லாம் தனியாக இருக்க வேண்டும், அல்லது சுத்தம் செய்த பதிவு இருக்க வேண்டும். எல்லையில் தடுப்புப் பட்டை விட வேண்டும். அமெரிக்க விதி இத்தனை மீட்டர் என்று சொல்வதில்லை, மருந்து வராமல் தடுக்கும் அளவு இருக்க வேண்டும் என்றே சொல்கிறது. பட்டையில் விளைந்ததைச் சான்று பெற்ற விளைச்சலோடு சேர்த்து விற்கக் கூடாது.

ஒரே ஒரு விலையுயர்ந்த பயிர், தொலைவில் இருக்கும் வாங்குபவர், நீண்ட குத்தகை ஆகிய மூன்றும் உள்ளவருக்குத் தனிச் சான்று சரி. இருபது வகைக் காய்கறியைச் சிறு பாத்திகளில் போடுபவருக்கு இது பெரும் சுமை. கட்டணம் பரப்புக்கு ஏற்ப அவ்வளவாகக் குறைவதில்லை. காகித வேலையோ வகை கூடக் கூடப் பெருகும்.

இரண்டாம் வழி: குழுச் சான்று

இங்கே குழுவே ஐசிஎஸ் எனப்படும் உள் கட்டுப்பாட்டு முறையை நடத்துகிறது. குழுவின் உள் ஆய்வாளர்கள் ஒவ்வோர் உறுப்பினரையும் ஆண்டுக்கு ஒரு முறையாவது சோதிக்கிறார்கள். வெளிச் சான்று நிறுவனம் சிலரை மட்டும் தேர்ந்தெடுத்து மறுபடி சோதிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆண்டுக்குக் குறைந்தது 5 சதவீத உறுப்பினர்கள், ஆனால் 10 பேருக்குக் குறையக் கூடாது. அமெரிக்காவில் 2024 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி உறுப்பினர் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை 1.4 ஆல் பெருக்கினால் வருவது அல்லது 2 சதவீதம், இவற்றில் எது அதிகமோ அது. 100 பேர் குழுவுக்கு 14 பேர். செலவு பங்கு பிரிவதால் ஆளுக்குக் கொஞ்சம்தான் விழும்.

குழுச் சான்றின் பலமும் பலவீனமும் உறுப்பினர் பதிவேட்டில் இருக்கின்றன. அதைத் திறந்து பாருங்கள். பெயர், நிலத்தின் எண், பரப்பு, பயிர், மகசூல் மதிப்பீடு, சேர்ந்த தேதி, கடைசியாக ரசாயனம் போட்ட தேதி. "பெயர்" என்ற பத்தியில் பட்டாக்காரர் பெயரையே எழுதும் வழக்கம் பல குழுக்களில் இருக்கிறது. களை எடுப்பவரும் மட்கு உரம் புரட்டுபவரும் பெண்ணாக இருக்க, பயிற்சிக்கு அழைக்கப்படுபவர், ஓட்டுப் போடுபவர், பணம் பெறுபவர் எல்லாம் அந்தப் பத்தியில் இருக்கும் ஆண். பின்பு ஆய்வின்போது கேள்வி கேட்டால் அவருக்குப் பதில் தெரியாது. எந்தப் பாத்திக்கு எப்போது உரம் போட்டது என்பது வேலை செய்தவருக்குத்தானே தெரியும். இது நியாயக் குறைவு மட்டுமில்லை, சான்றையே ஆட்டிவைக்கும் ஓட்டை. பதிவேட்டில் "நிலத்தின் உரிமையாளர்", "பண்ணையை நடத்துபவர்" என்று இரண்டு பத்திகள் வையுங்கள். உறுப்பினர் உரிமையும் வங்கிக் கணக்கு எண்ணும் இரண்டாம் பத்தியில் உள்ளவருக்கு. சேரும் முதல் நாளிலேயே இதைச் செய்ய வேண்டும், பிறகு மாற்றுவது பெரும்பாடு.

அடுத்து, சான்று யார் கையில் இருக்கிறது? பல இடங்களில் கொள்முதல் செய்யும் கம்பெனியே கட்டணம் கட்டிச் சான்றைத் தன் பெயரில் வைத்திருக்கும். அப்படியிருந்தால் உறுப்பினர் அந்தக் கம்பெனிக்கு விற்கும்போது மட்டுமே அவர் விளைச்சல் சான்று பெற்றது. வேறு இடத்தில் நல்ல விலை வந்தாலும் சாதாரணப் பொருளாகத்தான் விற்க முடியும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2018/848 விதி இதை மாற்றியிருக்கிறது: குழு தனக்கென்று சட்டப்பூர்வ அமைப்பாக இருக்க வேண்டும், 2,000 உறுப்பினர்களுக்கு மேல் போகக் கூடாது. பெண்கள் குழுவாகப் பதிவு செய்துகொள்ள இது நல்ல வாய்ப்பு. கம்பெனி கட்டணம் கட்ட முன்வந்தால் கடனாக வாங்கிக்கொள்ளுங்கள், விளைச்சலில் கழித்துக்கொள்ளட்டும். சான்று குழுவின் பெயரிலேயே இருக்கட்டும்.

குழுச் சான்று உடைவது பெரும்பாலும் உள் ஆய்வாளரிடம். சொந்தக்காரர் நிலத்தைச் சொந்தக்காரரே சோதிப்பதும், ஒரே நாளில் பதினைந்து நிலங்களைப் பார்த்ததாக எழுதுவதும், எல்லாப் படிவத்திலும் ஒரே கையெழுத்தும் ஒரே மையும் இருப்பதும் வெளி ஆய்வாளர் பார்த்த உடனே பிடிக்கும் குறைகள். ஒரு நிலத்துக்கு இரண்டிலிருந்து மூன்று மணி நேரம் என்று வைத்தால் ஒரு நாளைக்கு மூன்று நிலத்துக்கு மேல் முடியாது. உள் கட்டுப்பாடு சரியில்லை என்று முடிவானால் தவறு செய்த ஒருவர் மட்டுமின்றி முழுக் குழுவும் சான்றை இழக்கலாம். ஆகவே உள் ஆய்வாளருக்குச் சம்பளம் கொடுங்கள். "நம்ம குழுதானே" என்று ஒரு பெண்ணைச் சும்மா ஓடவிட்டால் இரண்டாம் ஆண்டில் அவர் விலகிவிடுவார், அவரோடு பதிவேடுகளைப் பற்றிய ஞாபகமும் போய்விடும்.

மூன்றாம் வழி: பங்கேற்பு உத்தரவாதம்

இது புதிதல்ல. தெற்கு பிரேசிலில் 1998-இல் உருவான ஈகோவிடா வலையமைப்பு விவசாயிகள், நுகர்வோர், துணை அமைப்புகள் மூவரையும் சேர்த்து இப்படித்தான் நடக்கிறது. 2004-இல் பிரேசிலின் டோரஸ் நகரில் கூடிய பன்னாட்டுப் பட்டறைக்குப் பிறகு, 1972-இல் தொடங்கப்பட்ட உலக இயற்கை வேளாண் கூட்டமைப்பான ஐஃபோம் இந்த முறையைப் பல நாடுகளில் பரப்பியது. இந்தியாவின் பிஜிஎஸ் திட்டத்தில் ஒரு குழு தொடங்க 5 விவசாயிகள் போதும்.

நடைமுறை இப்படி. ஒவ்வொருவரும் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திடுகிறார்கள். விதிகளைப் படித்துக் காட்டி, எல்லோருக்கும் புரிந்த மொழியில் பேசி முடிக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் படம் வரைந்த நாட்காட்டியில் குறித்தாலும் ஏற்கும் குழுக்கள் உண்டு. ஆண்டுக்கு ஒரு முறையாவது ஒவ்வொரு நிலத்தையும் சக விவசாயிகள் இருவரும், முடிந்தால் வாங்குபவர் ஒருவரும் சுற்றிப் பார்க்கிறார்கள். பிறகு குழுக் கூட்டத்தில் ஒவ்வொருவர் பெயராக எடுத்து முடிவு செய்கிறார்கள்.

சுற்றிப் பார்ப்பவர்கள் வரப்பில் நின்று திரும்பிவிடக் கூடாது. முதலில் கொட்டகை: மூலையில் காலிப் புட்டிகள், பழைய மூட்டைகள், ஸ்ப்ரேயர். பிறகு எல்லை: அண்டை நிலம் ஓரத்தில் களை கருகியிருக்கிறதா, கருகல் கோடு எது வரை உள்ளே வருகிறது. பிறகு செடியின் அடியில் உட்கார்ந்து இலையின் அடிப்புறம்: பூச்சியும் அதைத் தின்னும் பூச்சியும் இருக்கின்றனவா. ஒரு பூச்சிகூட இல்லாத, ஒரு ஓட்டைகூட இல்லாத முட்டைக்கோஸ் பாத்தி கேள்வி கேட்க வேண்டிய இடம். கடைசியாக மட்கு குவியலில் கையை விட்டுப் பார்த்து, எப்போது புரட்டினீர்கள் என்று கேட்க வேண்டும். குறை கண்டால் என்ன செய்வது என்பதையும் குழு முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும்: பதிவு விடுபட்டால் எச்சரிக்கை, அனுமதியில்லாத இடுபொருளைத் தெரியாமல் போட்டால் அந்தத் துண்டு மீண்டும் மாற்றுக்காலத்துக்கு, தெரிந்தே போட்டால் நீக்கம். தண்டனை எழுதப்படாத குழு, முதல் தவறு வரும்போது உறவைக் காப்பாற்ற விதியை விட்டுவிடும். இந்த முறை பெயர் கெடுவது அங்கேதான்.

பெண்களுக்கு இதில் இருக்கும் பெரிய லாபம், சோதிப்பவரும் அவர்களே என்பது. பத்து நிலங்களை நுணுக்கமாகப் பார்த்தவர் தன் நிலத்தில் திரும்பி நிற்கும்போது வேறு கண்ணோடு பார்க்கிறார். உறுதிமொழியில் கையெழுத்திடுபவர் நிலத்தை நடத்துபவர் என்று குழுவே தீர்மானிக்கலாம். குறை என்றால் நேரம். மாலை ஏழு மணிக்குக் கூட்டம் வைத்தால் சமையலும் பிள்ளைகளும் உள்ளவர் வரமாட்டார், வராதவர் பெயரில் முடிவு நடக்கும். பகலில், குழந்தையை அழைத்து வரக்கூடிய இடத்தில், நிலச் சுற்றுப் பார்வையோடு சேர்த்தே கூட்டத்தை முடியுங்கள்.

எல்லை ஒன்று உண்டு. ஏற்றுமதிக்கு இது செல்லாது. ஐரோப்பிய ஒன்றியமோ அமெரிக்காவோ பங்கேற்பு உத்தரவாதத்தை வைத்து "இயற்கை" என்ற லேபிளோடு பொருளை உள்ளே விடுவதில்லை. உள்ளூரிலும் அந்தச் சொல்லை லேபிளில் போட என்ன விதி என்பதை முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

நான்காம் வழி: சான்றின்றி நேரடி விற்பனை

இந்த வழியைப் பெண்கள்தான் பெரிதும் வளர்த்தார்கள். 1965-இல் டோக்கியோவின் செத்தகாயா பகுதியில் குடும்பப் பெண்கள் சேர்ந்து பாலை மொத்தமாக வாங்கத் தொடங்கியதில் பிறந்தது செய்கத்சு கூட்டுறவு. உற்பத்தி செய்பவரும் உண்பவரும் நேரடியாக ஒப்பந்தம் செய்துகொள்ளும் தெய்கெய் முறையும் ஜப்பானில் 1970-களில் பரவியது. அமெரிக்காவில் 1986-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் இந்தியன் லைன் பண்ணையில் ராபின் வான் என் என்ற பெண் விவசாயி நண்பர்களோடு சேர்ந்து முன்பணப் பங்கு முறையைத் தொடங்கினார். பருவத்துக்கு முன்பே குடும்பங்கள் பணம் கட்டிவிடும், வாராவாரம் விளைச்சலில் பங்கு வரும். விளைச்சல் குறைந்தால் பங்கும் குறையும்.

முன்பணம் விதைக்கும் கூலிக்கும் கையில் வருகிறது, அதுவும் பெண்ணின் கையிலேயே வருகிறது. கடன் வாங்க நிலப் பத்திரம் கேட்கும் உலகில் இதன் மதிப்பு அதிகம். சட்டம் மட்டும் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் ஆண்டுக்கு 5,000 டாலருக்கு மேல் இயற்கைப் பொருள் விற்காதவர் சான்று வாங்கத் தேவையில்லை, ஆனால் விதிகளைக் கடைப்பிடிக்க வேண்டும், அரசு முத்திரையைப் பயன்படுத்தக் கூடாது. சில நாடுகளில் சான்றில்லாமல் அந்தச் சொல்லையே எழுத முடியாது. அங்கே "இந்த இந்த மருந்து, உரம் எதுவும் போடுவதில்லை" என்று செய்வதை அப்படியே எழுதலாம்.

இந்த வழியில் தோற்பவர்கள் பெரும்பாலும் குடும்பங்களின் எண்ணிக்கையில் தோற்கிறார்கள். உங்கள் நிலம் 30 குடும்பங்களைத் தாங்கும் என்று கணக்கு வந்தால் முதல் பருவத்தில் 15 பேரை மட்டும் சேருங்கள். முளைக்கும் கீரையைப் பத்துப் பதினான்கு நாளுக்கு ஒரு பாத்தி என்று பிரித்து விதைக்காவிட்டால் மூன்றாம் வாரம் கட்டுக் கட்டாகக் குவியும், ஐந்தாம் வாரம் ஒன்றும் இருக்காது. வாங்குபவர் விலகுவது பெரும்பாலும் விலை அதிகம் என்பதற்காக அல்ல, நான்கு வாரம் தொடர்ந்து ஒரே காய் வந்ததற்காக. பங்கின் விலையைப் போடும்போது அறுத்து, கழுவி, எடை போட்டு, கொண்டுபோய்க் கொடுக்கும் மணிநேரங்களைச் சேர்க்க மறக்காதீர்கள். தன் கூலியைப் பூஜ்ஜியம் என்று வைத்து விலை போட்டவரால் பிறகு ஓர் ஆளை வேலைக்கு வைக்கவே முடியாமல் போகிறது.

நேரத்தை எண்ணிப் பார்த்தால்

தினம் 10 நிமிடம் குறிப்பேடு எழுதினால் ஆண்டுக்குச் சுமார் 60 மணி நேரம். இது எல்லா வழிக்கும் பொது. தனிச் சான்றில் இதன்மேல் திட்டம் புதுப்பிக்க, ரசீது அடுக்க, ஆய்வு நாளுக்கு என்று இன்னும் 20 முதல் 30 மணி நேரம் வையுங்கள். பங்கேற்பு முறையில் 12 பேர் குழு என்றால், ஒரு நிலத்துக்கு மூன்று பேர் இரண்டரை மணி நேரம், மொத்தம் 90 மணி. ஆளுக்கு ஏழரை. பத்துக் கூட்டம் இரண்டு மணி வீதம் 20. ஆக ஆளுக்கு இருபத்தேழரை மணி. தனிச் சான்றோடு ஒப்பிட்டால் நேரம் ஏறக்குறைய அதேதான், பணம்தான் மிச்சம். குழுச் சான்றில் உறுப்பினருக்குப் பத்துப் பன்னிரண்டு மணிதான், ஆனால் 40 பேர் குழுவின் உள் ஆய்வுக்கு மட்டும் 120 மணி, அறிக்கைகளோடு 200-ஐத் தொடும். நேரடி விற்பனையில் காகிதம் குறைவு, ஆனால் வாரம் 6 மணி நேரம் கட்டிக் கொடுத்தால் 30 வாரத்துக்கு 180.

சான்று பார்க்காதது

ரசாயனம் இல்லை என்பதை இயற்கைச் சான்று பார்க்கிறது. களை எடுத்த பெண்ணுக்கு ஆணுக்குச் சமமாகக் கூலி கிடைத்ததா என்பதை ஐரோப்பிய, அமெரிக்க இயற்கை விதிகள் பார்ப்பதில்லை. ஐஃபோம் 2005-இல் ஏற்ற நான்கு கோட்பாடுகளில் நியாயமும் ஒன்று, ஆனால் கோட்பாடு வேறு, ஆய்வுப் படிவம் வேறு. விவசாயிக்கு நியாயமான வணிகத்தை உறுதி செய்யும் ஃபேர்ட்ரேட் சான்றில், விலைக்கு மேல் குழுவுக்குக் கிடைக்கும் கூடுதல் தொகையை எப்படிச் செலவிடுவது என்று உறுப்பினர்களே கூட்டத்தில் முடிவு செய்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் ஓட்டு யாருக்கு என்பது மறுபடி பதிவேட்டின் "பெயர்" பத்திக்கே போகிறது. பெருவில் 2000-களின் தொடக்கத்தில் பெண் காப்பி விவசாயிகள் தங்கள் காப்பியைத் தனியாகப் பிரித்து விற்கத் தொடங்கிய கஃபே ஃபெமெனினோ திட்டம் இதைப் புரிந்துகொண்டது. பெண்ணுக்கு நில உரிமை, கூட்டுறவில் பொறுப்பு, பணம் நேரடியாக அவர் கைக்கு என்பதை அது நிபந்தனையாக வைத்தது. நம் குழு விதியிலும் மூன்று வரி சேர்த்துக்கொள்ளலாம்: கூலி ஆண் பெண் இருவருக்கும் ஒன்று, பணம் வேலை செய்தவர் கணக்குக்கு, நிலச் சுற்றுப் பார்வையில் பாதிப் பேர் பெண்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது

வாங்குபவர்கள் இரண்டு மணி நேரப் பயணத்துக்குள் இருந்தால், பலவகைக் காய்கறி என்றால், பக்கத்தில் இன்னும் நான்கு பேராவது கிடைப்பார்கள் என்றால், பங்கேற்பு உத்தரவாதம்தான் எங்கள் தேர்வு. நேரடி விற்பனையோடு அதைச் சேர்த்தால் இன்னும் நல்லது. முன்பணம் கட்டும் குடும்பத்தில் ஒருவரையே நிலம் பார்க்க அழைக்கலாம்.

ஏற்றுமதி வாங்குபவர் கடிதம் கொடுத்த பிறகே குழுச் சான்றுக்கு இறங்குங்கள். சான்று வாங்கி வைத்துக்கொண்டு வாங்குபவரைத் தேடுவது கட்டணம் கட்டியே குழுவைக் களைக்க வைக்கும். தனியாகப் போராடும் ஒருவர், மூலிகையோ விதையோ போல ஒரே பயிர் வைத்திருந்தால் தனிச் சான்றுக்குப் போகலாம், குத்தகைக் கடிதம் கையில் வந்த பிறகு. மாற்றுக்காலத்தில் இருப்பவர் எல்லோருக்கும் நேரடி விற்பனைதான் சரி, அந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் வேறு கூடுதல் விலை எதிர்பார்க்க முடியாது.

ஒரு வழியிலிருந்து இன்னொன்றுக்குப் பின்னால் மாறலாம். மாறும்போது மீண்டும் மூன்றாண்டு காத்திருக்க நேர்வது, பெரும்பாலும் கடைசி ரசாயனம் எப்போது போட்டது என்பதற்கு ஆதாரம் இல்லாதபோதுதான். அதனால் எந்த வழியை இன்னும் முடிவு செய்யாவிட்டாலும் ஒரு தாளை இந்த வாரமே எழுதுங்கள். நிலத்துண்டின் எண், பரப்பு, கடைசியாகப் போட்ட உரம் அல்லது மருந்தின் பெயர், தேதி. நிலத்துக்காரர் கையெழுத்து, நடத்துபவராக உங்கள் கையெழுத்து, பக்கத்து நிலத்துக்காரர் இருவர் சாட்சி. ஒரு பிரதியைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிவிட்டு, மற்றொன்றை வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள்.